பணம் குடுக்கிற நாடு கண்டிஷன் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வெளிநாட்டு உதவி பத்தி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் எழுதியிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, எங்க காலேஜ்ல பட்டிமன்றம் வெச்சாங்க. ஏழை நாட்டுக்கு பணம் குடுக்கிற பணக்கார நாடு, உங்க சமுதாயத்தை மாத்துங்க, இந்த சட்டத்தை எடுங்கன்னு நிபந்தனை போடலாமா கூடாதான்னு தலைப்பு. நான் போடலாம்னு பேசினேன். எதிரணியில உகாண்டாவை சொல்லி என்னை உக்கார வெச்சிட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க? (கல்லூரி மாணவி, அரூர்)

தங்கச்சி, உகாண்டா கதை தெரியாதவங்களுக்காக முதல்ல அதை சொல்லிடறேன். 2014 பிப்ரவரியில அந்த நாட்டு ஜனாதிபதி முசெவேனி, ஓரினச்சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் குடுக்கலாம்ங்கிற சட்டத்துல கையெழுத்து போட்டாரு. உலக வங்கி உடனே 9 கோடி டாலர் கடனை நிறுத்தி வெச்சிது. அந்த கடன் எதுக்குன்னு பாத்தா ஆஸ்பத்திரிக்கு, பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்களுக்கும் பொறந்த குழந்தைங்களுக்கும். சட்டம் போட்டது யாரு, பணம் நின்னது யாருக்குன்னு நீயே பாரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அந்த நாட்டு அரசியல் சாசன கோர்ட்டே, போதுமான உறுப்பினர் இல்லாம நிறைவேத்தினீங்கன்னு சொல்லி அந்த சட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. 2023 மே மாசம் இன்னும் கடுமையா, சில வழக்குக்கு மரண தண்டனை வரைக்கும் வெச்சு புது சட்டம் வந்துது, உலக வங்கி ஆகஸ்ட்ல புது கடன் கிடையாதுன்னு சொல்லிச்சு, ஏறக்குறைய ரெண்டு வருஷம் கழிச்சு 2025ல மறுபடி குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க, சட்டத்துல பெரும்பகுதி அப்படியேதான் இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது வேற ஒண்ணு. 2011ல பிரிட்டிஷ் பிரதமரா இருந்த டேவிட் கேமரூன், இந்த மாதிரி சட்டம் வெச்சிருக்கிற நாட்டுக்கு உதவியை குறைப்போம்ங்கிற மாதிரி பேசினப்ப, ஆப்பிரிக்காவுல ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்காகவே போராடிட்டு இருந்த அமைப்புங்க, அம்பதுக்கு மேல, ஒண்ணா சேர்ந்து வேண்டாம்னு அறிக்கை விட்டாங்க. ஏன்னா உதவி நின்னா ஆஸ்பத்திரியில மருந்து இருக்காது, உங்களாலதான் மருந்து இல்லைன்னு ஊர்க்காரங்க எங்க மேலதான் பாய்வாங்க, அதோட இந்த உரிமையே வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு முத்திரை குத்திடுவாங்கன்னு சொன்னாங்க. யாருக்காக நிபந்தனை போடறோமோ அவங்களே வேண்டாங்கிறாங்கன்னா அதுக்கு மேல நாம என்னத்த பேசறது? இத்தனைக்கும் இந்த மாதிரி சட்டத்தை அங்கயும் இங்கயும் முதல்ல கொண்டாந்ததே பிரிட்டிஷ் ஆட்சிதான். நம்ம 377வது பிரிவு 1860ல அவங்க எழுதினது. அதை 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு வயசு வந்தவங்க சம்மதத்தோட இருக்கிறதுக்கு பொருந்தாதுன்னு சொல்லிச்சே, அதுக்கு எந்த நாடும் கடனை நிறுத்தி மிரட்டல. நம்ம நாட்டு ஆளுங்களே வருஷக்கணக்கா கோர்ட்டு படியேறி வாங்கினது.

ஆனா உன் பக்கமும் நியாயம் இருக்கு, அதை விட்டுடாதே. அடுத்த தடவை பேசறப்ப லெசோத்தோவை சொல்லு. தென்னாப்பிரிக்கா நடுவுல இருக்கிற குட்டி நாடு. அங்க 2006 வரைக்கும் கல்யாணம் ஆன பொம்பளை சட்டப்படி மைனர் மாதிரி, புருஷன் சம்மதம் இல்லாம பேங்க்ல கடன் வாங்க முடியாது, சொத்து பத்து அவ பேர்ல பதிய முடியாது. அமெரிக்காவோட மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன்னு ஒரு அமைப்பு, இதை மாத்தினாதான் எங்க பணம் வரும்னு உக்காந்துது. 2006ல சட்டம் மாறிச்சு, 2007 ஜூலையில 36 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. இங்க நிபந்தனை வேலை செஞ்சுது. காரணம் அந்த ஊர் பெண் வக்கீல்களே அதுக்கு முன்னாடி இருந்து அதைத்தான் கேட்டுட்டு இருந்தாங்க, அரசாங்கம் காதுல போட்டுக்கல, பணம் வரும்னு தெரிஞ்சதும் காது கேட்டுது.

அதனால என் பதில் இதுதான். மாத்தணும்னு அந்த ஊருக்குள்ளயே யாராவது கேட்டுட்டு இருக்காங்களா, அந்த நிபந்தனையால அவங்க கை ஓங்குமா ஓங்காதா, இதை பாத்துட்டு முடிவு பண்ணணும். ஓங்கும்னா போடலாம். அப்பவும் சோத்து மேலயும் மருந்து மேலயும் போடக்கூடாது.

கேள்வி: அம்மா, மகளிர் சுய உதவிக்குழு நம்ம தர்மபுரியில வெளிநாட்டு காசுலதான் ஆரம்பிச்சதுன்னு என் மருமக சொல்றா, நான் நம்பல. உண்மைதானா? அப்படின்னா அப்பவும் கண்டிஷன் இருந்திருக்குமே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பென்னாகரம்)

உங்க மருமக சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க ஐயா. 1989ல, ரோம்ல தலைமையகம் இருக்கிற ஐ.நா.வோட சர்வதேச விவசாய மேம்பாட்டு நிதியம், ஐஃபாட்னு சொல்வாங்க, அவங்க கடனுதவியில தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு திட்டம்னு ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுலயே முதல்ல கால் வெச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்துல, அப்ப கிருஷ்ணகிரியும் நம்மளோடதான் இருந்துது, 2004லதான் பிரிஞ்சுது. அப்புறம்தான் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம்னு போச்சு. 97, 98 வாக்குல மாநில அரசே தன் காசுல மகளிர் திட்டம்னு எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு போச்சு.

கண்டிஷன் இருந்துதா? நல்லா இருந்துதுங்க. பணம் பொம்பளைங்க கைக்குத்தான் போகும், அதுவும் தனியாளுக்கு இல்ல, சங்கமா சேரணும், பன்னெண்டுல இருந்து இருவது பேர், முதல்ல அவங்களே சேமிக்கணும், கூட்டம் போடணும், தீர்மான நோட்டுல எழுதணும், கையெழுத்து போட கத்துக்கணும். இந்தியன் பேங்க் கூட்டு சேர்ந்துது. அந்த காலத்துல நம்ம பக்கத்துல ஒரு பொம்பளை பேங்க் வாசப்படி மிதிக்கிறதே பெரிய விஷயம், மேனேஜர் முன்னாடி சேர்ல உக்காந்து பேசறதெல்லாம் நெனச்சும் பாக்க முடியாது. ராகி களி கிண்டிட்டு, ஆடு மேச்சிட்டு, பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போன புருஷன் எப்ப காசு அனுப்புவான்னு பாத்துட்டு இருந்தவங்க, ஊக்குநர், பிரதிநிதின்னு ஆகி பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் தெருக்குழாய்க்கு கேள்வி கேக்கற அளவுக்கு வந்தாங்கன்னா, அதுக்கு வெறும் கடன் மட்டும் காரணம் இல்ல, சங்கமா சேர்ந்தாதான் கடன்னு வெச்ச அந்த விதிதான் காரணம்னு நான் உறுதியா நம்பறேன்.

கவனிங்க, இது சமுதாய மாற்றத்துக்கான நிபந்தனையேதான். ஆனா யாரையும் நீ உன் சாமியை மாத்து, உன் பழக்கத்தை விடுன்னு சொல்லல. பணம் யார் கையில போகணும்னு மட்டும்தான் சொன்னாங்க. மீதியை அந்த பொம்பளைங்களே பாத்துக்கிட்டாங்க.

பெண் சிசுக்கொலை விஷயத்தையும் இங்க சொல்லணும், சொல்லாம போனா தப்பு. நம்ம மாவட்டத்து பேரு நாடு பூரா அதுக்காகத்தான் அடிபட்டுது. 1992ல சேலத்துல, பொண்ணு வேண்டாம்னா கொல்லாம அரசு தொட்டில்ல விட்டுடுங்கன்னு தொட்டில் குழந்தை திட்டம் வந்துது, அது நம்ம மாநில அரசோடது, 2001ல தர்மபுரிக்கும் நீட்டினாங்க. தொண்ணூறுகளோட கடைசியில டென்மார்க் அரசோட உதவி அமைப்பான டானிடா உதவியில நடந்த சுகாதாரத் திட்டத்துல கலைப்பயணம்னு ஒண்ணு நடத்தினாங்க, நம்ம பக்கத்து பசங்க பொண்ணுங்களே ஊர் ஊரா போய் வீதி நாடகம் போட்டாங்க. காசு டென்மார்க்கோடது, பேச்சு நம்ம பேச்சு. சிசுக்கொலையை நிறுத்தினாதான் ஆஸ்பத்திரிக்கு காசுன்னு யாராவது சொல்லியிருந்தா, நடக்கிறதை மூடி மறைச்சு கணக்கு காட்டியிருப்பாங்க, அவ்வளவுதான் நடந்திருக்கும். 2001 சென்சஸ்ல தர்மபுரியில ஆறு வயசுக்குள்ள ஆயிரம் ஆம்பள புள்ளைக்கு 826 பொண்ணுதான், 2011ல 913. இதுக்கு ஒரே ஒரு திட்டம் காரணம்னு சொல்ல மாட்டேன், கேஸ் போட்டது, தொட்டில் வெச்சது, நர்ஸம்மாங்க வீடு வீடா போனது, சங்கத்து பொம்பளைங்க கண்காணிச்சது எல்லாம் சேர்ந்து. இன்னும் 913தான்ங்கிறது எனக்கு வலிக்குதுங்க ஐயா.

கேள்வி: நம்மள இருநூறு வருஷம் சுரண்டினவங்க நமக்கு புத்தி சொல்ல யாருங்க? வாங்கின காசை திருப்பி குடுக்கறதுக்கு கணக்கு பாத்தா அவங்கதான் நமக்கு கடன்காரங்க. (தனியார் கம்பெனி ஊழியர், ஓசூர்)

உங்க கோவம் நியாயமான கோவம் தம்பி, அதுக்கு வரலாறும் இருக்கு. 1965, 66ல மழை பொய்ச்சு நாடே பஞ்சத்துல நின்னப்ப, அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் பி.எல்.480ங்கிற அவங்க உணவு உதவி சட்டப்படி வர்ற கோதுமையை மொத்தமா அனுப்பாம மாசா மாசம் பாத்து பாத்து விட்டாரு. விவசாயக் கொள்கையை மாத்துங்க, குடும்பக்கட்டுப்பாட்டை தீவிரமாக்குங்கன்னு அழுத்தம். 1966 ஜூன்ல ரூபாய் மதிப்பையும் குறைக்க வேண்டியதாச்சு, ஒரு டாலர் 4.76 ரூபாயா இருந்தது ஒரே நாள்ல 7.50 ஆச்சு. கப்பல் எப்ப வரும்னு பாத்து ரேஷன் போட வேண்டிய நிலைமையில ஒரு நாட்டை வெச்சிருந்தாங்க. பசிச்சு நிக்கிறவன் கிட்ட பேரம் பேசறதை விட கேவலம் வேற இல்ல.

மக்கள்தொகையை குறைங்கன்னு வெளிய இருந்து வந்த அந்த அழுத்தம் வருஷக்கணக்கா இருந்துக்கிட்டே இருந்துது, எமர்ஜென்சியில அது நம்ம அரசாங்கத்து கையில டார்கெட்டா மாறிச்சு. 1976-77ல ஒரே வருஷத்துல 80 லட்சத்துக்கு மேல ஆபரேஷன். ஏழைங்களையும், கேக்க நாதியில்லாதவங்களையும் புடிச்சு புடிச்சு பண்ணினாங்க. அதுக்கு பழியை முழுசா வெளிநாட்டு மேல போட முடியாது, ஆர்டர் போட்டது நம்ம ஆளுங்க. ஆனா உலக வங்கியும் வெளிநாட்டு நிதிக்காரங்களும் அப்ப அதை தடுக்கல, பாராட்டினாங்க. எண்ணிக்கையை நிபந்தனையா வெச்சா மனுஷனை எண்ணிக்கையாத்தான் பாப்பாங்கங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

இன்னொரு கொடுமை, அவங்க நிபந்தனை அவங்க தேர்தலை வெச்சு மாறும். 1984ல ரீகன் ஒரு விதி போட்டாரு, கருக்கலைப்பு பண்ற, அதுக்கு வழி சொல்ற வெளிநாட்டு தொண்டு நிறுவனங்களுக்கு குடும்பநல நிதி கிடையாதுன்னு. 1993ல கிளிண்டன் எடுத்தாரு, 2001ல புஷ் போட்டாரு, 2009ல ஒபாமா எடுத்தாரு, 2017ல டிரம்ப் போட்டாரு, 2021ல பைடன் எடுத்தாரு, 2025ல மறுபடி டிரம்ப் போட்டாரு. ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்து நர்ஸ் மாத்திரை குடுக்கலாமா வேண்டாமான்னு வாஷிங்டன்ல ஓட்டு எண்ணி முடிவு பண்றாங்க. லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ் 2019ல போட்ட ஒரு ஆய்வு 26 ஆப்பிரிக்க நாட்டை எடுத்து பாத்துச்சு, இந்த விதி இருந்த வருஷங்கள்ல, அமெரிக்க நிதியை அதிகமா நம்பியிருந்த நாடுகள்ல கருக்கலைப்பு 40 சதவீதம் வாக்குல கூடிப்போச்சு. ஏன்னா கருத்தடை சாதனம் குடுத்துட்டு இருந்த கிளினிக்குக்கே பணம் நின்னு போச்சு. எதை தடுக்க விதி போட்டாங்களோ அதுவே பெருகிச்சு.

இவ்வளவும் சொன்ன பிறகும் தம்பி, உங்க கேள்வியோட கடைசி வரி என்னை யோசிக்க வைக்குது. அவங்க நமக்கு கடன்காரங்கன்னு சொல்றீங்க, சரி. அந்த கடன் யாருக்கு சேரணும்? டெல்லியில, சென்னையில உக்காந்திருக்கிறவங்களுக்கா, இல்ல சித்தேரி மலையில பிரசவ வலியோட ஜீப்புக்கு காத்துட்டு இருக்கிற பொண்ணுக்கா? புத்தி சொல்ல நீ யாருன்னு வெளிநாட்டுக்காரனை கேக்கற அதே வாயால, வந்த பணம் கடைசி ஆளுக்கு போச்சான்னு நம்ம ஆளுங்களையும் கேக்கணும். நிபந்தனையே வேண்டாம்னு சத்தமா சொல்ற எல்லா தலைவரும் தன் ஜனங்களுக்காக சொல்றதில்ல, கணக்கு காட்டாம இருக்கறதுக்காகவும் சொல்றாங்க.

அதோட எல்லா வெளிநாட்டு உதவியும் மூக்கணாங்கயிறு போட்டுத்தான் வந்துதுன்னும் இல்ல. 1956ல காமராஜர் காலத்துல மதிய உணவு ஆரம்பிச்சப்ப ஊர்க்காரங்க குடுத்த தானியத்துலயும் அரசு காசுலயும் நடந்துது, 1961ல இருந்து அமெரிக்காவோட கேர் அமைப்பு பால் பவுடர், எண்ணெய், கோதுமைன்னு அனுப்பிச்சு. நம்ம அப்பா அம்மா தலைமுறையில கேட்டு பாருங்க, அந்த பால் பவுடர் ருசியை இப்பவும் சொல்வாங்க. எல்லா சாதி புள்ளைங்களும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடணும்ங்கிறது அமெரிக்கா வெச்ச விதி இல்ல, நாம வெச்சது. இன்னிக்கும் சில ஊர்ல பட்டியலின சமையலம்மா சமைச்சா புள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாங்க. இந்த மாற்றத்தை எந்த நாடு வந்து நிபந்தனை போட்டு நமக்கு வாங்கி தரும்?

கேள்வி: ஆப்கானிஸ்தான்ல பொண்ணுங்களை படிக்க விடல. அந்த நாட்டுக்கு எதுக்கு ஒரு பிடி கோதுமை கூட குடுக்கணும்? (குடும்பத்தலைவி, காவேரிப்பட்டினம்)

அக்கா, கோதுமையை நிறுத்தினா முதல்ல பட்டினி கிடக்கப்போறது அந்த பொண்ணுதான். தாலிபான் கமாண்டர் வீட்டு அடுப்பு அணையாது. அதனால கோதுமை போகணும்.

ஆனா அங்க உண்மையான சிக்கல் வேற எடத்துல இருக்கு. 2022 டிசம்பர்ல தொண்டு நிறுவனத்துல பெண்கள் வேலை பாக்க கூடாதுன்னு தடை போட்டாங்க, 2023 ஏப்ரல்ல ஐ.நா.வுக்கும் அதே தடை. அந்த ஊர்ல விதவை இருக்கிற வீட்டுக்குள்ள ஆம்பள ஊழியர் போக முடியாது. அப்ப பெண் ஊழியர் இல்லாம குடுத்தா அந்த விதவைக்கு சேராது. ஆகவே எங்க பெண் ஊழியர்களை விடுங்கன்னு கேக்கறது வெளிநாட்டு கலாச்சாரத்தை திணிக்கிறது ஆகாது, உதவி போய் சேரறதுக்கான வழியையே கேக்கறது. இந்த ஒரு விஷயத்துல விட்டுக்குடுக்காம நிக்கணும்னு நான் நினைக்கிறேன், சில மாவட்டத்துல சுகாதாரம், கல்வி வேலைக்கு பெண்களை விட வெச்சும் இருக்காங்க.

கேள்வி: வெளிநாட்டை விடுங்க மேடம். நம்ம அரசாங்கமே திருமண உதவிக்கு பத்தாவது படிச்சிருக்கணும், 18 வயசு ஆகியிருக்கணும்னு கண்டிஷன் போட்டுச்சே. அது சரின்னா இதுவும் சரிதானே? (பாலக்கோடு வாசகர்)

நல்ல கேள்வி. 1989ல ஆரம்பிச்ச மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவி திட்டத்தை சொல்றீங்க. வயசு, படிப்பு ரெண்டையும் நிபந்தனையா வெச்சாங்க, நம்ம பக்கத்துல சின்ன வயசு கல்யாணம் இன்னிக்கும் பெரிய பிரச்சனை, அதனால அது தேவையான நிபந்தனை. 2022ல அதை புதுமைப்பெண் திட்டமா மாத்தி, அரசுப்பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா மாசம் 1,000 ரூபான்னு ஆக்கினாங்க. எனக்கு இது இன்னும் புடிச்சிருக்கு, கல்யாணத்துக்கு காசுங்கிறதுக்கு பதிலா படிப்புக்கு காசு, அதுவும் பொண்ணோட பேங்க் கணக்குக்கே.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம அரசாங்கம் போட்ட விதி புடிக்கலன்னா அஞ்சு வருஷத்துல ஓட்டு போட்டு கேக்கலாம். உலக வங்கியை எந்த பூத்ல போய் கேக்கறது?

சொந்த அரசாங்கத்து விதி, வெளிநாட்டு பணம், ரெண்டும் சேர்ந்து நடந்த ஒரு எடம் பங்களாதேஷ். 1982லயே அங்க ஒரு உபஜில்லாவுல, நம்ம தாலுகா மாதிரி, உள்ளூர் அமைப்பு ஒண்ணு பொண்ணுங்களுக்கு உதவித்தொகை குடுத்து பாத்துது, 1994ல அரசாங்கம் நாடு பூரா கொண்டு வந்துது, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே எல்லாம் பணம் போட்டாங்க. மூணு விதி: 75 சதவீதம் வருகை, பரீட்சையில 45 சதவீதம் மார்க், கல்யாணம் ஆகக்கூடாது. அப்பங்காரன் கல்யாணம் பேசறப்ப அம்மாக்காரி, இப்ப பண்ணினா மாச காசு நின்னுடும்னு சொல்றதுக்கு ஒரு காரணம் கெடச்சுது. ஹைஸ்கூல்ல பொண்ணுங்க எண்ணிக்கை பசங்களை தாண்டிடுச்சு. அதுக்காக அங்க சின்ன வயசு கல்யாணம் ஒழிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க, இன்னும் நெறைய நடக்குது. 45 மார்க் விதிதான் எனக்கு உறுத்துது. வீட்டு வேலை செஞ்சுட்டு தம்பி தங்கச்சியை தூக்கிட்டு படிக்கிற ஏழை பொண்ணுதான் அதுல முதல்ல கழண்டு விழுவா.

கேள்வி: ஒகேனக்கல் தண்ணி ஜப்பான் காசுன்றாங்க. ஜப்பான் நம்மகிட்ட என்ன கேட்டுச்சு? இப்ப நாமளும் மத்த நாட்டுக்கு குடுக்கறோமே, நாம கண்டிஷன் போடறோமா? (ஊத்தங்கரை வாசகர்)

முதல்ல ஒண்ணு, அது தானம் இல்லீங்க, கடன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர், ஃபுளோரோசிஸ் பாதிப்பு குறைப்பு திட்டம், ஆயிரத்து தொள்ளாயிரம் கோடிக்கு மேல, பெரும்பகுதி ஜப்பான் அரசோட உதவி அமைப்பான ஜைக்கா குடுத்த கடன். 2008ல அடிக்கல், 2013 மே மாசம் திறப்பு. நம்ம ரெண்டு மாவட்டத்து போர்வெல் தண்ணியில ஃபுளோரைடு, பல்லு காவி ஏறி, முட்டி மடங்காம, முதுகு நிமிர முடியாம போன பெரியவங்க எத்தனை பேர் நம்ம ஊர்கள்ல. குழாய் போட்டா மட்டும் பத்தாது, ஊர்ல போர் தண்ணியை ஏன் குடிக்கக்கூடாதுன்னு புரிய வெக்கணும்னு அந்த விழிப்புணர்வு வேலையையும் திட்டத்துக்குள்ளயே வெச்சாங்க. இதுவும் ஒரு வகை சமுதாய மாற்றம்தான், யாருக்கும் கோவம் வரல, ஏன்னா வலி நம்ம வலி.

நாம குடுக்கறதை பொறுத்தவரைக்கும், பூட்டான், நேபாளம், மாலத்தீவு, ஆப்பிரிக்க நாடுகள்னு இந்தியா நெறைய குடுக்குது. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க, உள்நாட்டு விஷயத்துல தலையிட மாட்டோம்ங்கிறதுதான் நம்ம கொள்கை. ஆனா நம்ம அரசோட ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் பேங்க் வழியா குடுக்கிற கடன்ல பொதுவா 75 சதவீத பொருளும் சேவையும் இந்தியாவுல இருந்துதான் வாங்கணும். அது நம்ம கம்பெனிக்கு வியாபாரம், அவ்வளவுதான். எனக்கு ஒரு ஆசை இருக்கு. அந்த 75ஐ கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, கடன்ல ஒரு பங்கு அந்தந்த ஊர் பொம்பளைங்க சங்கம் வழியா போகணும்னு கேக்கலாம், தர்மபுரியில அப்படி செஞ்சு பாத்திருக்கோம்னு சொல்ற தகுதி நமக்கு இருக்கு. வேண்டாம்னு அவங்க சொன்னா அந்த கடன் விதியில்லாமயே போகட்டும்.